திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆள் அழைக்கப் போகிறவர்களுக்கு

நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் சிங்கப்பூரில் இரண்டு பேர், துபாயில் ஒருத்தர், குவைத்தில் ஒருத்தர், மலேசியாவில் மூன்று தலைமுறையாக இருக்கிற அத்தை வீடு ஒன்று. வருஷத்துக்கு ஐந்தாறு தடவையாவது யாரையாவது அழைத்துவரத் திருச்சிக்குப் போக வேண்டியிருக்கும், பல வருஷமாக அந்த வேலை என்னிடம்தான் வருகிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் முதல்தடவை போகும்போது என்னைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. எல்லோரும் கவலைப்படுவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்றுதான். ஆனால் கஷ்டமான பாதி ஆள் வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. திருச்சியிலிருந்து மன்னார்குடிக்கும் சரி, கும்பகோணத்துக்கும் சரி, சுமார் 95 கிலோமீட்டர், நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு 140க்கு மேல், அதையும் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வண்டி, யார் யார் வருவது என்று எதை முடிவு செய்தாலும் திரும்பி வருகிற வழியை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

சரி, டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். வாய்வார்த்தையாகச் சொல்கிற நேரத்தை நம்பாதீர்கள், டிக்கெட்டையே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தடவை என் தம்பி "சனிக்கிழமை ராத்திரி 12:40க்கு இறங்குவேன்" என்றான். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நாங்கள் இருந்தோம். டிக்கெட்டில் இருந்த 12:40 வெள்ளிக்கிழமை ராத்திரி தாண்டிச் சனிக்கிழமை பிறக்கிற 12:40. அவன் யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டபோது நாங்கள் தூக்கத்தில் இருந்தோம், அடித்துப்பிடித்துப் போய்ச் சேர நாலு மணி ஆகிவிட்டது, அதுவரை பெட்டிகளோடு வெளியே உட்கார்ந்திருந்தான். நள்ளிரவு தாண்டி இறங்குகிற விமானம் என்றால் இரண்டு கிழமையையும் சேர்த்துச் சொல்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: "வெள்ளி ராத்திரி கிளம்பி, சனி விடியறதுக்கு முன்னால." இரண்டு பக்கமும் இப்படிப் பேசிக்கொண்டால் குழப்பம் வராது.

டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் அந்தந்த ஊர் நேரம். ஏறுகிற நேரம் அங்கத்திய மணி, இறங்குகிற நேரம் நம் மணி. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் இரவு 11 மணிக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால் இங்கே 12:30க்கு இறங்குவார்கள். துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் இங்கே விடியற்காலை 3:30. "இப்பதான் ஏறிட்டேன்" என்று மெசேஜ் வந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே போதும், எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஊரையும் ஒரு தடவை சரிபாருங்கள். திருச்சிக்கு விமானக் குறியீடு டி.ஆர்.இசட், திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி, திருப்பதிக்கு டி.ஐ.ஆர். மூன்றும் 'திரு'வில் ஆரம்பிப்பவை, அவசரத்தில் போனில் பதிவு செய்கிறவர்கள் மாற்றித் தட்டிவிட வாய்ப்பு உண்டு. அதேபோல நேரடி விமானமா, சென்னை வழியாகவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் திருச்சி வருகிறவர்களுக்கு இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் பெரும்பாலும் சென்னையிலேயே முடிந்துவிடும். அப்படி வருகிறவர் திருச்சியில் இறங்கி இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் பெட்டியோடு வெளியே நிற்பார். நேரடியாக வருகிறவர்களுக்கு நடைமுறையே வேறு.

நேரடி விமானத்தில் வருகிறவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் வாசலில் பதற மாட்டீர்கள். விமானம் தரை தொட்ட பிறகு ஓடுபாதையிலிருந்து நகர்ந்து வந்து நிற்கச் சில நிமிஷம். அப்புறம் இறங்கி, இமிக்ரேஷன் வரிசை, பெல்ட்டில் பெட்டி, கடைசியில் கஸ்டம்ஸ். ஒரு விமானத்தில் ஏறக்குறைய 180 பேர் வருகிறார்கள். அரைமணி நேர இடைவெளியில் இரண்டு விமானம் இறங்கிவிட்டால் வரிசை அப்படியே இரட்டிப்பாகும். என் அனுபவத்தில், இறங்கியதிலிருந்து வெளியே வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம், சீக்கிரம் வந்தால் நாற்பது நிமிஷம், கூட்டமாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். புதிய டெர்மினல் 2024 ஜனவரி 2ஆம் தேதி திறக்கப்பட்டு, அந்த ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு பழைய கட்டடத்தில் இடம் இல்லாமல் ஆட்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான், இப்போது உள்ளே தாராளமாக இருக்கிறது. ஆனாலும் இடம் பெரிதானதால் வரிசை இல்லாமல் போய்விடவில்லை.

அடிக்கடி வந்து போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்தியக் குடிமக்களும், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக்காரர்களுக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்து, கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால், தானியங்கி கேட் வழியாக இமிக்ரேஷனைக் கடக்கும் வசதி 2025 செப்டம்பரில் திருச்சிக்கும் வந்துவிட்டது. நீண்ட வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருகிற சொந்தக்காரர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. வெளிநாட்டுக் குடிமக்கள் விசா எடுப்பதோடு, 2025 அக்டோபர் 1 முதல் வருகைப் படிவத்தையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்யலாம். அதில் இந்தியாவில் எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்வி வரும். எங்கள் அத்தைக்குத் தெரு பெயர் தெரியும், கதவு எண்ணும் பின்கோடும் தெரியாது. அதனால் உங்கள் முழு முகவரியையும் போன் நம்பரையும் ஆங்கிலத்தில் டைப் செய்து, வருவதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இப்போது போன் விஷயம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வருகிறவருடைய பழைய இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டிருந்தால் இன்கமிங்கும் நின்றுபோயிருக்கும். அவர் இறங்கி அதைப் போட்டுப் பார்ப்பார், வேலை செய்யாது. வெளிநாட்டு சிம்மில் ரோமிங் போட்டிருக்க மாட்டார். ஏர்போர்ட் வைஃபைக்கு ஓ.டி.பி. கேட்கும், அது வந்து சேர போன் வேலை செய்ய வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால் உள்ளே இருப்பவர் ஒரு பக்கம், வெளியே இருப்பவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, பேச வழியில்லை. அதனால் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நீங்களே அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டு, இங்கிருந்து கூப்பிட்டுப் பாருங்கள், எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதோடு விமானம் ஏறுவதற்கு முன்பே எங்கே நிற்போம் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "வருகை வாசலுக்கு வெளியே, கம்பித் தடுப்புக்கு வலதுபக்கக் கோடியில் நிற்பேன், காணவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள், நான் தேடி வருவேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர்தான் தேட வேண்டும். இரண்டு பேரும் தேடினால் அந்தக் கூட்டத்தில் சுற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

விமானம் எங்கே வருகிறது என்பதைப் போனிலேயே பார்க்கலாம். டிக்கெட்டில் இருக்கும் விமான எண்ணை, அதாவது இரண்டு எழுத்தும் சில இலக்கமும் சேர்ந்த அந்த எண்ணை, ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான செயலியில் தட்டினால் கிளம்பிவிட்டதா, எத்தனை மணிக்கு இறங்கும் என்று காட்டும். ஏர்லைன்ஸின் வலைத்தளத்திலும் இருக்கும். நான் செய்வது இதுதான்: அங்கிருந்து விமானம் மேலே கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் வீட்டிலிருந்து புறப்படுவேன். நாலு மணி நேரப் பறப்பு, எனக்கு இரண்டு இரண்டேகால் மணி நேரப் பாதை. கிளம்பவே தாமதமாகியிருந்தால் அந்தத் தாமதத்தை நான் வீட்டில் படுத்துக் கழிக்கலாம். இறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய் நின்று ஒரு பயனும் இல்லை, அந்த மூன்று மணி நேரத் தூக்கம்தான் திரும்பி வரும்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போனாலே வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது, பறப்பதே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், அவர்களுக்கு முன்கூட்டியே கிளம்பத்தான் வேண்டும்.

யார் யார் போவது? நம் பக்கத்தில் இது பெரிய பேச்சுவார்த்தை. எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் பினாங்கிலிருந்து வந்தபோது நாகப்பட்டினம் கடற்கரையில் ஊரே போய் நின்றதாகச் சொல்வார்கள். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆட்களை இறக்கிக் கொண்டுவர வேண்டும், அதனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, கட்டுச்சோறு கட்டிக்கொண்டுபோய்க் கிடந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் வேன் எடுத்துப் பதினாலு பேர் போவது. ஆசையைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி விமானத்துக்கு வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகாதீர்கள். டிக்கெட் இல்லாதவர்களை டெர்மினலுக்குள் விட மாட்டார்கள், எல்லோரும் வெளியேதான் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், அவரோடு விழித்திருந்து பேச ஒருவர், இருந்தே ஆக வேண்டும் என்று மனைவியோ அம்மாவோ ஒருவர். இது போதும். மற்றவர்கள் விடிந்து வாசலில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பெட்டிக் கணக்கில் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவரிடம் முப்பது கிலோ சாமான் சாதாரணம், ஒரு பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியுமாக வரும், கைப்பை தனி. இப்போது நிறைய வாடகைக் கார்களில் டிக்கிக்குள் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கிறது, பெரிய பெட்டி ஒன்றுகூட உள்ளே போகாது. கார் பேசும்போதே "டிக்கி காலியா, மேலே கேரியர் இருக்கா" என்று கேளுங்கள். கேரியரில் கட்டுவதானால் கயிறும் தார்ப்பாயும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை சொல்லிக்கொண்டு வராது. வாடகை பேசும்போது டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, விமானம் தாமதமானால் வெயிட்டிங், எல்லாம் சேர்த்தா தனியா என்று முதலிலேயே முடித்துவிடுங்கள், வீட்டு வாசலில் விடியற்காலையில் ஊர்க்காரர்கள் முன்னால் பேரம் பேசுவது வந்தவருக்கு மிகவும் சங்கடம். மஞ்சள் போர்டு வண்டியாகவும் பாருங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கல் வரும்.

வழி பெரிய விஷயமில்லை. தஞ்சாவூர் வந்துவிட்டால் வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி, நேர்ச்சாலை. துவாக்குடியிலிருந்து அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் போய்ப் புதுக்கோட்டைச் சாலையைப் பிடித்துத் திருச்சி நோக்கி வந்தால் ஏர்போர்ட், இல்லையென்றால் திருவெறும்பூர், பால்பண்ணை, டி.வி.எஸ். டோல்கேட் வழி. பகல் நேரத்தில் ஊருக்குள் போகாமல் இருப்பது நல்லது. பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் வண்டியை வாசல் முன்னால் நிறுத்திவைக்கப் பார்க்காதீர்கள். அந்த இடம் ஏற்ற இறக்க மட்டும்தான், நின்றால் நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நுழைவில் கொடுக்கும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எவ்வளவு நேரம் இலவசம், அதற்குமேல் எவ்வளவு என்பதை அங்கே இருக்கும் பலகையில் ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்கிங்கில் விடுங்கள். டிரைவர் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், டிரைவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கூடவே நிற்க வைக்காதீர்கள். ஆள் வெளியே வந்த பிறகு போன் அடித்து எழுப்பினால் போதும், முக மலர்ச்சியோடு பெட்டி தள்ளிக்கொண்டு நடக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் முகம் கழுவிவிட்டு வந்துவிடுவார்.

கையில் என்ன எடுத்துப் போவது? தண்ணீர் நிறைய. ஒரு பிளாஸ்கில் காபி அல்லது சுக்குத் தண்ணீர். பொடி தடவிய இட்லி வாழை இலையில் கட்டினால் ராத்திரி முழுக்கக் கெடாது, விமானத்தில் காசு கொடுத்துச் சாப்பிட மனமில்லாமல் பட்டினியாக வருகிறவர்கள் அதிகம், வண்டியில் ஏறியதும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். மார்கழி, தை என்றால் ஒரு துண்டு, போர்வை. சார்ஜர். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றால்? முதலில் அதே விமானத்தில் வந்தவர்கள் வெளியே வருகிறார்களா என்று பாருங்கள், பெட்டியில் கட்டியிருக்கும் சீட்டில் விமான எண் இருக்கும், மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். இன்னும் வந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். எல்லோரும் வந்து முடிந்து உங்கள் ஆள் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பெட்டி வரவில்லை, அல்லது கஸ்டம்ஸில் பேசிக்கொண்டிருக்கிறார். பெட்டி வராவிட்டால் அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஏர்லைன்ஸ் ஆட்களிடம் எழுத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்க வேண்டும், வெளியே வந்த பிறகு வேலை கடினம். இதை வருகிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நகையைப் பொறுத்தவரை, ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிற பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் வரைதான் தீர்வை இல்லை. அதற்குமேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டிவிடுவதுதான் நிம்மதி.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. "உங்க அண்ணன்கிட்ட ஒரு சின்ன பார்சல் கொடுத்திருக்காங்க, வாசல்ல வாங்கிக்கிறேன்" என்று முன்பின் தெரியாத யாராவது வந்து பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். குருவி வேலை, அதாவது அடுத்தவருக்காகச் சாமானைக் கடத்திக் கொண்டுவருவது, என்னவென்று நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. புதிதாக வேலைக்குப் போன பையன்கள், டிக்கெட் காசு கிடைக்கிறதே என்றோ, கூட வேலை பார்க்கிறவர் கேட்கிறாரே என்ற தாட்சண்யத்திலோ மாட்டிக்கொள்கிறார்கள். வருவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: யார் கொடுத்ததையாவது கொண்டுவருகிறாயா, பிரித்துப் பார்த்தாயா? கேட்பதில் தப்பே இல்லை.

வயதான அம்மா அப்பா தனியாக வருகிறார்கள் என்றால் டிக்கெட் போடும்போதே, குறைந்தது இரண்டு நாள் முன்பாகவாவது, ஏர்லைன்ஸிடம் வீல்சேர் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "எனக்கு நல்லாத்தான் நடக்க முடியுதே" என்று கோபித்துக்கொள்வார்கள். நடப்பதற்காக மட்டும் கேட்கவில்லை, வழிகாட்ட ஒரு ஆள் கூடவே இமிக்ரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் கடந்து வாசல்வரை வருவார் என்பதற்காக. எங்கள் அத்தை முதலில் மறுத்தார், ஒரு தடவை அப்படி வந்த பிறகு அடுத்த டிக்கெட்டுக்கு அவரே ஞாபகப்படுத்தினார். பாஸ்போர்ட்டுக்குள் உங்கள் பெயர், போன் நம்பர் எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும்.

இனி, வெளியே வருகிற அந்த நிமிஷம். வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் கழித்து வருகிறவர்கள் முதலில் தேடுவது குழந்தையைத்தான். குழந்தைக்கு அப்பா என்பது போன் திரையில் தெரிகிற முகம், இப்போது ஆறடி உயரத்தில் வியர்வையும் சென்ட்டுமாக எதிரே வந்து நிற்கிறார், அது பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் "அப்பாடா, போடா, அப்பாகிட்ட போ" என்று குழந்தையைப் பிடுங்கி அவர் கையில் திணிக்காதீர்கள். குழந்தை வீறிட்டு அழும், அவர் முகம் சுருங்கிப்போகும், நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரைக் குழந்தைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள், பேச்சு நடக்கட்டும், அவர் குரல் அதற்குப் போனில் பழகிய குரல்தான். தஞ்சாவூர் வருவதற்குள் அது தானாக அவர் விரலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் அக்கா மகள் வல்லம் தாண்டியதும் பிடித்தாள்.

துக்கத்துக்கு வருகிறவரை அழைப்பது வேறு. அப்பா தவறிவிட்டார், ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மகன் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தால்தான் எடுக்க முடியும். இதற்குக் கூட்டம் போகாதீர்கள். அவரோடு மனம்விட்டுப் பழகிய மச்சானோ சித்தப்பாவோ ஒருவரும் நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவரும் போதும். வண்டியில் ஒரு வேட்டி, துண்டு, தண்ணீர். அவருக்கு முழு விவரம் தெரியுமா, "சீரியஸ்" என்று மட்டும் சொல்லித்தான் வரச் சொன்னார்களா என்பதை வீட்டில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு போங்கள். தெரியாமல் வருகிறார் என்றால் வாசலில் கூட்டத்துக்கு நடுவில் சொல்லாதீர்கள், ஊர் எல்லையில் போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் விடாதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். அப்புறம் அவர் பேசினால் பேசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். வீட்டுக்கு வழியிலிருந்தே போன் செய்து எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தால் அங்கே ஆகவேண்டியதைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு பயணத்தில் வேகமாகப் போகச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். நெருக்க விடாதீர்கள்.

திரும்பும் வழிக்கு வருவோம். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும், எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தாலும் சரி. ஒரு தடவை செங்கிப்பட்டி தாண்டி எங்கள் வண்டி மெல்ல இடதுபக்கம் சரிந்து மண்ணில் இறங்கியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கத்தியதில் டிரைவர் விழித்தார். பின்சீட்டில் என் தங்கையும் கைக்குழந்தையும். அவர் அன்றைக்குக் காலையிலிருந்து ஏற்கனவே இரண்டு சவாரி முடித்துவிட்டு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது, பாவம், அவருக்கும் பிழைப்பு. அன்றிலிருந்து வண்டி பேசும்போதே கேட்டுவிடுகிறேன்: "அண்ணே, அன்னைக்குப் பகல்ல வேற டிரிப் இருக்கா? இருந்தா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கிறேன்." முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. வந்தவரை முன்சீட்டில் உட்கார வைக்காதீர்கள், அவர் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். டிரைவர் கொட்டாவி விட்டு, கண்ணைத் தேய்த்து, ஜன்னலை இறக்க ஆரம்பித்தால் டீ மட்டும் போதாது, வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துச் சாலைக்கென்று சில விஷயங்கள் உண்டு. குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் உள் சாலைகளில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், ராத்திரியில் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். அறுப்பு மெஷின் ஏற்றிய லாரி பின்விளக்கு இல்லாமல் போகும். தை மாதத்தில் வயல்வெளிப் பனி சாலைமேல் படுத்துக்கிடக்கும், வடுவூர் ஏரி ஓரத்தில் எதிரே வருவது தெரியாது. பனி அதிகமானால் விமானமே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் உண்டு. அப்படி நடந்தால் உடனே அந்த ஊருக்கு வண்டியைத் திருப்பாதீர்கள், பெரும்பாலும் வானம் தெளிந்ததும் அதே விமானம் பயணிகளோடு திருச்சிக்கே வரும், ஏர்லைன்ஸ் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

நடுராத்திரி இறங்கி, கையில் குழந்தைகள், டிரைவரும் களைப்பு என்றால் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். மத்திய பேருந்து நிலையம் பக்கத்தில் லாட்ஜ்கள் நிறைய, ஏர்போர்ட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஒரு அறை எடுத்துத் தூங்கி எழுந்து, குளித்துவிட்டு, வெளிச்சத்தில் கிளம்பலாம். தனி ஆளாக, சாமான் குறைவாகக் காலை விமானத்தில் வருகிறவர் என்றால் கார்கூட வேண்டாம். ஒரு ஆட்டோ பிடித்துத் திருச்சி ஜங்ஷன் வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் ரயில் இருக்கிறது, நீங்கள் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே போய் நின்று அழைத்துக்கொள்ளலாம்.

வீடு வந்ததும் எல்லோரும் ஆளைச் சூழ்ந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் வண்டியிடம் நில்லுங்கள். ஏர்போர்ட்டில் ஏற்றும்போது எத்தனை பை என்று எண்ணியிருப்பீர்களே, அதே எண்ணிக்கை இறங்கியதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியிலும் கதவுப் பையிலும் கையை விட்டுத் துழாவுங்கள், பாஸ்போர்ட் வைத்த சின்னப் பை அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அப்புறம் டிரைவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்து, திண்ணையில் பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்து, ஏழு மணிக்கு எழுப்புகிறேன் என்று சொல்லுங்கள்.